புது தின்னர் கைக்கு ஆகுமா? ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"ஒரு சொட்டு புறங்கையில விட்டுப் பாரு தம்பி. எரியலன்னா ஓட்டிக்கலாம்."

ஓசூர் சிப்காட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். வண்டியிலிருந்து இறங்கிய புது தின்னர் (பெயிண்டையும் கிரீஸையும் கரைக்கும் திரவம்) டிரம்மைக் காட்டி மூத்த சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த சோதனை இதுதான். விட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது, அரை நிமிடத்தில் காய்ந்துபோனது, எரியவில்லை. டிரம் உள்ளே போனது. ஆறு வாரம் கழித்து, அந்தத் தின்னரில் பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்த பாலக்கோட்டுப் பையன் மதியச் சாப்பாட்டில் ஸ்பூன் கேட்டான். ரசம் சோற்றைப் பிசைய முடியவில்லை. விரல் இடுக்கெல்லாம் பிளந்திருந்தது. புளி பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

என் புறங்கை ஒரு சொட்டுக்குச் சொன்ன பதிலை நம்பி, அவன் கையை நாள் முழுக்க முக்கவிட்டோம். அன்றிலிருந்து இந்த விஷயத்தை விடாமல் படித்தும் பார்த்தும் வருகிறேன். ஓசூர், சூளகிரிப் பக்கம் வண்டிப் பாகம் செய்யும் யூனிட்டிலோ, பர்கூர்ப் பக்கம் செருப்புக்குப் பசை ஒட்டும் யூனிட்டிலோ, தரக்கட்டுப்பாடு, ஸ்டோர், பாதுகாப்பு என்று எந்தப் பிரிவில் நீங்கள் சேர்ந்திருந்தாலும், "இந்தக் கரைப்பான் தோலுக்கு ஆகுமா?" என்ற கேள்வி ஒருநாள் உங்கள் மேசைக்கு வரும். அன்றைக்கு என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த ஒரு சொட்டு ஏன் எதையும் காட்டவில்லை

தோலின் மேல் அடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. எழுதும் தாளைவிட மெல்லியது; உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் தடிமன். அந்தச் செல்களுக்கு நடுவே கொழுப்பு இருக்கிறது. உள்ளே உள்ள ஈரம் வெளியேறாமலும் வெளியே உள்ள ரசாயனம் உள்ளே போகாமலும் காப்பது அந்தக் கொழுப்புதான். தின்னரின் வேலையே கொழுப்பையும் எண்ணெயையும் கரைப்பது. அதற்கு இரும்புப் பாகத்தில் இருக்கும் கிரீஸ், கையில் இருக்கும் கொழுப்பு என்ற பேதம் கிடையாது.

மாடு கட்டும் தோல் வாரை எண்ணெய் காட்டாமல் வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாள் ஒன்றும் தெரியாது. விறைக்கும், வெளுக்கும், பிறகு மடிகிற இடத்தில் பிளக்கும். கையும் அப்படித்தான். ஒரு சொட்டு எடுத்த கொழுப்பை உடம்பு சீக்கிரமே திரும்பச் செய்துகொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருந்தால் ஈடுகட்ட முடியாது.

ஆகவே, "தோலுக்கு ஆகுமா?" என்ற ஒரே கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஒருமுறை பட்டாலே சிவந்து வீங்குமா? தினமும் பட்டால் தோல் தேய்ந்து வெடிக்குமா? ஒவ்வாமை உண்டாக்குமா? தோலில் எதுவும் தெரியாமலேயே உள்ளே புகுந்து ஈரலையோ நரம்பையோ கெடுக்குமா? ஆய்வகம் "எரிச்சல் இல்லை" என்று கொடுக்கும் சான்றிதழ் முதல் கேள்விக்கு மட்டுமே பதில். இதை மனதில் வைத்துக்கொண்டால், புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி நடக்காது.

எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் புத்தகம் தேட வேண்டாம், கிருஷ்ணகிரி மாந்தோப்பு போதும். காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பீய்ச்சும் பால் பட்ட இடம் பலருக்கு அப்போதே காந்தும். அது எரிச்சல், போதுமான அளவு பட்டால் எவர் தோலையும் கெடுக்கும். வேறு சிலருக்கு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, பால் பட்ட இடத்தையும் தாண்டி அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். அது ஒவ்வாமை. முன்பே பட்டுப் பழகி, உடம்பு அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டதால் வருவது. சலவைத் துணியில் குறி போடும் சேராங்கொட்டையும் மா குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் குறி பட்ட கழுத்திலும் இடுப்பிலும் சிலருக்குப் படை வருவதும் இதே வகை. ஒவ்வாமைக்குத் தனிச் சோதனைகள் உள்ளன. எரிச்சல் சோதனை அதைக் கண்டுபிடிக்காது.

முதல் படி: டிரம்மில் என்ன இருக்கிறது?

கேட்க எளிதாக இருக்கும். நடைமுறையில் இதுதான் மிகக் கடினமான படி. "சார், நம்பர் ஒன் தின்னர் சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்பது சப்ளையர் சொல்லும் பதில். அதை ஏற்காதீர்கள். பாதுகாப்புத் தரவுத் தாள், அதாவது எஸ்.டி.எஸ்., கேளுங்கள். ஆபத்தான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே பாதுகாப்புத் தரவுத் தாளைக் கோருகின்றன. நீங்கள் கேட்பது சலுகை இல்லை. தர மறுத்தால் டிரம்மை கேட்டிலேயே நிறுத்துங்கள். ஒருமுறை நிறுத்தினால் அடுத்த லோடுக்குத் தாள் தானாக வரும். நான் கண்டது இது.

அந்தத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். முதலில் 2, 3, 9, 11 ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்பதில் கொதிநிலை போன்ற இயல்புகள் இருக்கும். இரண்டில் ஆபத்துக் குறியீடுகள் இருக்கும். எச் 314 என்றால் தோலை அரித்துப் புண்ணாக்கும். எச் 315 என்றால் எரிச்சல் தரும். எச் 317 என்றால் ஒவ்வாமை. எச் 310, 311, 312 மூன்றும் தோல் வழியாக உள்ளே போய் நஞ்சாவதைக் குறிக்கும். எண் சிறியதாக இருந்தால் நஞ்சு கடுமை. இவற்றோடு ஐரோப்பியத் தாள்களில் இ.யு.எச். 066 என்று ஒன்று வரும். "திரும்பத் திரும்பப் பட்டால் தோல் உலர்ந்து வெடிக்கலாம்" என்பது அதன் பொருள். படம் கிடையாது, சிவப்புக் கட்டம் கிடையாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. எங்கள் பையன் கையைக் கெடுத்தது அதுதான். அந்த டிரம்மில் பெரும்பகுதி அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இரண்டுக்கும் எச் 315 இல்லை, இரண்டுக்கும் இ.யு.எச். 066 உண்டு. எத்தில் அசிட்டேட், எம்.இ.கே. என்ற மெத்தில் எத்தில் கீட்டோன் ஆகியவையும் அதே வரிசை. டொலுயீனும் சைலீனும் எச் 315 வாங்கியவை.

மூன்றாம் பகுதியில் சேர்மானமும் சதவீதமும் இருக்கும். பெயரோடு சி.ஏ.எஸ். எண் இருக்க வேண்டும். ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர் இருக்கலாம், எண் ஒன்றுதான். மெத்தனால் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். விலையைக் குறைக்க அதைக் கலப்பது உண்டு. கையில் பட்டால் அது பெரிதாக எரியாது, ஆனால் தோல் வழியாகவும் உள்ளே போகும்; கண் பார்வையைப் பறிக்கக்கூடிய நஞ்சு. டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானும் அப்படியே, கை சும்மா இருக்கும், ஈரல் கெடும். புறங்கைச் சொட்டுச் சோதனையை நான் இவ்வளவு வெறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதினொன்றாம் பகுதியில் "தரவு இல்லை" என்று எழுதியிருந்தால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். "ஆபத்து இல்லை" என்று படித்துவிடாதீர்கள். பழைய தாள்களில் "முயல், 500 மி.கி./24 மணி, மிதமான எரிச்சல்" போன்ற வரிகள் வரும். அது 24 மணி நேரம் மூடிக் கட்டிவைத்துச் செய்த பழைய முறை. இன்றைய நான்கு மணி நேர முறையின் முடிவோடு நேராக ஒப்பிடக் கூடாது.

இரண்டாம் படி: கணக்குப் போட்டாலே போதுமா?

பெரும்பாலும் போதும். ஆய்வகத்துக்குச் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். ரசாயனங்களை வகைப்படுத்தும் உலகப் பொது முறையில், கலவையில் எரிச்சல் தரும் பொருட்கள் மொத்தமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அந்தக் கலவையே எரிச்சல் தருவது. தோலை அரித்துப் புண்ணாக்கும் (எச் 314) பொருள் 1 சதவீதத்தை எட்டினாலே கலவை எரிச்சல் தருவதாகும். 5 சதவீதத்தை எட்டினால் அரிப்பதாகும்.

ஒரு தின்னரில் டொலுயீன் 35, சைலீன் 10, பியூட்டைல் அசிட்டேட் 30, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 25 சதவீதம் என்று வையுங்கள். எச் 315 உள்ளவை இரண்டு, கூட்டினால் 45. பத்தைத் தாண்டிவிட்டது. கேள்வி முடிந்தது, இது தோலுக்கு எரிச்சல் தரும். இதற்கு எந்த ஆய்வகமும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கையுறை வாங்குங்கள்.

தண்ணீரில் கலந்த டீகிரீசர், பெயிண்ட் உரிக்கும் திரவம் போன்றவை என்றால் அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பி.எச். தாள் ஒன்றை நனைத்துப் பாருங்கள், கண்ணாடிக் குச்சியால் தொட்டு, கையுறை போட்டுக்கொண்டு. 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே காட்டினால் அரிக்கும் பொருள் என்றே எடுத்துக்கொண்டு நடத்துங்கள். கிரீஸ் போக்கும் திரவங்களில் காஸ்டிக் சோடா கலந்தவை நிறைய. காரம் முதலில் வழவழப்பாகத்தான் இருக்கும், வலி பிறகுதான் தெரியும். அமிலத்தைவிட அது ஏமாற்றும். தண்ணீரே இல்லாத சுத்தக் கரைப்பானில் பி.எச். தாள் காட்டுவதற்குப் பொருள் இல்லை, அங்கே இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: ஆய்வகச் சோதனை

சேர்மானத்தில் ஒரு பொருளுக்குத் தரவே இல்லை, அல்லது நீங்களே புதிதாக ஒரு கலவை செய்து விற்கப்போகிறீர்கள், அல்லது வெளிநாட்டு வாடிக்கையாளர் அறிக்கை கேட்கிறார். அப்போதுதான் ஆய்வகம்.

முன்பெல்லாம் முயல்தான். அமெரிக்காவில் டிரெய்ஸ் என்ற அறிவியலாளர் 1944-இல் வெளியிட்ட முறை அது. பிறகு 1981-இல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு அதை 404 என்ற எண்ணில் சோதனை வழிகாட்டியாக்கியது. வெள்ளை முயலின் முதுகில் மயிரை மழித்து, 6 சதுர செ.மீ. இடத்தில் அரை மி.லி. திரவத்தை நான்கு மணி நேரம் வரை வைத்து, பிறகு 1, 24, 48, 72 மணி நேரங்களில் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். மூன்று முயல்களில் இரண்டுக்கு 24, 48, 72 மணி மதிப்பெண்களின் சராசரி 2.3-ஐ எட்டினால் எரிச்சல் பொருள். பழைய அறிக்கைகளைப் படிக்க இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன். புதிதாக இதைக் கேட்காதீர்கள். அந்த ஓ.இ.சி.டி. வழிகாட்டியே மற்ற வழிகளையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் விலங்கிடம் போகச் சொல்கிறது. இங்கே விலங்குச் சோதனைக்குக் குழு அனுமதியும் வேண்டும். வாயில்லாச் சீவனை வதைத்துக் கிடைக்கும் பதிலை இன்று அது இல்லாமலேயே பெறலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது ஓ.இ.சி.டி. 439. இது 2010-இல் வந்தது. மனிதத் தோல் செல்களைச் சிறு கிண்ணத்தின் அடியிலுள்ள சவ்வில் வளர்த்து, மேற்புறம் காற்றுப் பட வைத்து, நம் மேல்தோலைப் போலவே அடுக்கடுக்காக உருவாக்கிய திசுவில் செய்வது. எபிடெர்ம், எபிஸ்கின், ஸ்கின்எதிக் என்று பெயர் கொண்ட திசு மாதிரிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அளவும் நேரமும் வேறு. எபிடெர்மில் நடப்பதைச் சொல்கிறேன், மற்றவை புரிந்துவிடும்.

தொடங்கும் முன் இரண்டு சரிபார்ப்பு. ஒன்று, பொருள் அரிக்கும் வகையில்லை என்று உறுதியாகியிருக்க வேண்டும். ஐயம் இருந்தால், தோலை அரித்துப் புண்ணாக்குமா என்று பார்க்கும் ஓ.இ.சி.டி. 431 சோதனை முதலில். இரண்டு, பொருளை எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயக் கரைசலில் விட்டு ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். உயிருள்ள செல்தான் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்ற வேண்டும். உங்கள் திரவமே மாற்றிவிட்டால், செத்த திசுகூட உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். அப்படியானால் கொன்ற திசுவிலும் தனியாகச் சோதித்து, அந்தப் பொய் நிறத்தைக் கழிக்க வேண்டும்.

பிறகு சோதனை. மூன்று திசுக்களில் உங்கள் திரவம், மூன்றில் உப்புக் கரைசல், மூன்றில் 5 சதவீத எஸ்.டி.எஸ். சோப்புக் கரைசல். (நாம் மேலே பார்த்த தரவுத் தாளுக்கும் இதே சுருக்கப் பெயர்தான், குழம்ப வேண்டாம், இது ஒரு சோப்பு.) ஒவ்வொரு திசுவிலும் 30 மைக்ரோ லிட்டர் விட்டு, சமமாகப் பரவ மேலே நைலான் வலைத்துண்டு வைத்து, மொத்தம் 60 நிமிடம், அதில் 35 நிமிடம் 37 டிகிரி வெப்பத்தில். பிறகு நன்றாகக் கழுவி, 42 மணி நேரம் வளர்ப்புப் பெட்டியில் வைப்பார்கள். இந்த 42 மணி நேரம் வீண் காத்திருப்பு இல்லை. எரிச்சல் உடனே முழுதாகத் தெரிவதில்லை. அடிபட்ட செல் மெல்லச் சாகவும், தப்பிய செல் தேறவும் அவகாசம் வேண்டும். அதன்பின் மூன்று மணி நேரம் எம்.டி.டி.யில், பிறகு ஊதா நிறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இறக்கி, 570 நானோமீட்டர் ஒளியில் அடர்த்தியை அளப்பார்கள்.

கணக்கு எளிது. உப்புக் கரைசல் பட்ட திசுவின் சராசரி 1.62, உங்கள் திரவம் பட்டதன் சராசரி 0.58, வெறும் ஆல்கஹாலின் அளவு 0.04 என்றால், 0.54-ஐ 1.58-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 34 சதவீதம் உயிரோடு இருக்கிறது. 50 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் எரிச்சல் பொருள். உங்களுடையது எரிச்சல் தருவது.

ஆவியாகும் திரவத்துக்குத் தனி எச்சரிக்கை

கரைப்பானைச் சோதிக்கும்போது வரும் தொல்லைகள் சோப்பையோ கிரீமையோ சோதிக்கும்போது வருவதில்லை. இதை ஆய்வகத்தில் நேராகக் கேட்டுவிடுங்கள்.

ஒரே தட்டில் பக்கத்துக் குழிகளில் உப்புக் கரைசல் திசுவும் உங்கள் தின்னர் திசுவும் இருந்தால், ஆவி தாவிப் பக்கத்துத் திசுவையும் அடிக்கும். ஒப்பிட வைத்த திசுவே பாதி செத்தால், உங்கள் பொருள் நல்லதாகத் தெரியும். தனித்தனித் தட்டு வேண்டும். அடுத்தது, ஆய்வகத் தட்டுகள் பல பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கில் வருபவை, டொலுயீன் அதைக் கரைக்கும். ஒரு துளி சிந்தினாலும் கரைந்த பிளாஸ்டிக் குட்டை தேங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, 37 டிகிரியில் அசிட்டோன் போன்றது நிமிடங்களில் பறந்துவிடும். தாளில் 60 நிமிடம் என்று இருந்தாலும் திசு அதை அனுபவித்தது சில நிமிடம்தான். உங்கள் பட்டறையிலோ தின்னரில் நனைந்த பனியன் வேஸ்ட்டை மணிக்கணக்கில் கையில் பிடித்திருக்கிறார்கள். நனைந்த கையுறைக்குள் அது பறக்க வழியே இல்லை. எளிதில் ஆவியாகும் பொருளுக்கு "எரிச்சல் இல்லை" என்று வரும் அறிக்கையை நான் எப்போதும் அரை நம்பிக்கையோடுதான் வாங்குவேன்.

மாதிரி அனுப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடிக் குப்பி, உள்ளே டெஃப்லான் வைத்த மூடி, பேட்ச் எண் எழுதிய லேபிள். அதே பேட்ச்சில் இன்னொரு குப்பி உங்களிடம் பூட்டி இருக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் இது, டொலுயீன் 4 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி விடும். துணிப்பைக்குள் சுருட்டி பெங்களூரு பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம். அந்தப் பஸ்ஸில் குழந்தைகள் இருப்பார்கள். அபாயப் பொருள் எடுக்கும் சரக்கு நிறுவனம் வழியாக, ஆய்வகம் சொல்லும் தேதிக்குச் சேரும்படி அனுப்புங்கள். திசு உயிருள்ளது, உங்களுக்காகக் காத்திருக்காது.

அறிக்கை வந்ததும் முடிவு வரிக்கு ஓடாதீர்கள். சோப்புக் கரைசல் பட்ட திசு 20 சதவீதமோ அதற்குக் கீழோ உயிர்ப்பு காட்டியதா? காட்டவில்லை என்றால் அந்தத் திசுவுக்கே உணர்ச்சி இல்லை, சோதனை செல்லாது. மூன்று திசுக்களின் உயிர்ப்புச் சதவீதங்களுக்குள் திட்ட விலகல் 18-ஐத் தாண்டியதா? தாண்டினாலும் செல்லாது. பேட்ச் எண் உங்கள் டிரம்முடையதுதானா? ஆய்வகத்துக்கு மத்திய அரசின் ஜி.எல்.பி. (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று உண்டா? அது இருந்தால் அறிக்கை வெளிநாட்டிலும் செல்லும். இந்தியா 2011-இல் ஓ.இ.சி.டி.யின் பரஸ்பர ஏற்பு முறையில் முழுதாகச் சேர்ந்துவிட்டது.

மனிதர் மேல் ஒட்டிப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுச் சோதனை ஒவ்வாமையைக் கண்டறிய. அவர் பொருளை வாசலீனில் தகுந்த அளவு நீர்க்கச் செய்து முதுகில் ஒட்டி, 48 மணியிலும் அதற்குப் பிறகும் பார்ப்பார். கலக்காத தின்னரைப் பஞ்சில் நனைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினால் அது சோதனை ஆகாது, சுட்ட புண்தான் மிஞ்சும். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் இதைச் செய்யச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உங்களிடம் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

நான்காம் படி: கைகளைப் பாருங்கள்

தினமும் படுவதால் வரும் தேய்மானத்தை எந்த ஆய்வகமும் உங்களுக்குச் சொல்லாது. தளத்தில் வேலை செய்பவர் கைகள்தான் சொல்லும். இது அவர்களை வைத்துச் செய்யும் சோதனை அல்ல. பாதுகாப்பு எல்லாம் கொடுத்த பிறகு, அது உண்மையில் காக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு.

புது திரவம் வரும் முன்பே, அந்த மேசையில் நிற்கப்போகும் எல்லோர் கையையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டில் என்ன வேலை என்றும் கேளுங்கள். மாம்பழக் காலத்தில் தோப்புக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் வேலைக்குப் போகிறவர், துணி துவைக்கிறவர் எல்லோரும் இருப்பார்கள். கேட்கும் விதம் முக்கியம். "கை எப்படி இருக்கு?" என்றால் "நல்லாருக்கு அண்ணா" என்றுதான் பதில் வரும், வேலை போய்விடுமோ என்ற பயம், அதுவும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு. "ராத்திரி சாப்பிடும்போது காந்துதா? எலுமிச்சம்பழம் பிழிஞ்சா எரியுதா?" என்று கேளுங்கள், உண்மை வரும்.

முதலில் கெடுவது விரல் இடுக்கு. அடுத்து புறங்கை, நகக்கண், மோதிரத்தின் அடி. உள்ளங்கை கடைசி. வறட்சிக்கு 1, செதில் உரிந்தால் 2, சிவப்பும் அரிப்பும் 3, வெடிப்போ நீர் கசிவோ 4 என்று நாங்கள் நோட்டில் எழுதுகிறோம். இது எங்கள் பட்டறை வழக்கம், மருத்துவ அளவுகோல் இல்லை. ஆனால் ஒரே ஆள் வாரா வாரம் பார்த்து எழுதினால் போக்கு தெரிந்துவிடும்.

திங்கள் காலையும் சனி மாலையும் பாருங்கள். சனிக்கு மோசமாகி திங்களுக்குக் கொஞ்சம் தேறினால் வேலைதான் காரணம். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போய் வந்தவர் கை பளிச்சென்று இருந்தால் அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் ஓசூர்க் குளிரையும் மறக்காதீர்கள். மார்கழி, தையில் இங்கே எல்லோர் கையும் கொஞ்சம் வறளும். அதனால் தின்னரைத் தொடாத பேக்கிங் ஆட்கள் நாலு பேர் கையையும் அதே நாளில் பாருங்கள். அவர்களுக்கு 1, துடைக்கும் மேசைக்கு 3 என்றால், பழி குளிர்மேல் விழாது.

இன்னொன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் கையை எதில் கழுவுகிறார்கள்? நான் பார்த்த கெட்ட கைகளில் பல, வேலையில் கெட்டதைவிடத் தின்னரில் கை கழுவிக் கெட்டவை. பெயிண்டைக் கையிலிருந்து எடுக்கத் தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தேய்த்துத் துணியால் துடைத்து, பிறகு மென்மையான சோப்பில் கழுவினால் போதும். சற்று நேரம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தை ஷிஃப்ட்டுக்குள்ளேயே கொடுக்கச் சொல்லி மேனேஜரிடம் வாதாடுங்கள், நான் வாதாடி வாங்கினேன். கழுவிய பின் வாசலீன் தடவச் சொல்லுங்கள்.

கையுறையில் ஒரே விதி, திரவத்துக்கு ஏற்ற ரப்பர். மெல்லிய நீல நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்கும் எம்.இ.கே.க்கும் ஓரிரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. அவற்றுக்கு பியூட்டைல் ரப்பர். டொலுயீனும் சைலீனும் மருத்துவமனை லேடெக்ஸ் கையுறையை ஊறிப் பெருக்கவைக்கும். உள்ளே நனைந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம். கலவைத் தின்னருக்கு எது தாங்கும் என்று கையுறைத் தயாரிப்பாளரின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

திரவம் மேலே கொட்டிவிட்டால், நனைந்த துணியை உடனே கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம். தேய்க்க வேண்டாம், சுண்ணாம்போ பற்பசையோ வேண்டாம். கழற்றிய துணி தீப்பொறிக்கு அருகில் போகக் கூடாது. கொப்புளம் வந்தாலோ முகத்தில் பட்டாலோ மருத்துவமனைக்கு, எஸ்.டி.எஸ். தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு.

கை 3-ஐத் தாண்டினால்

அந்த ஆளை மேசையிலிருந்து மாற்றுங்கள், சம்பளம் குறையாமல். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மருந்தகத்துக்கு அனுப்புங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டாக்டரிடம் "என்ன வேலை, என்ன திரவம், எத்தனை நாளாக" என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் வெறும் படை என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ரசாயனமும் பெயிண்டும் பட்டு வரும் தோல் அழற்சி, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே அறிவிக்க வேண்டிய தொழில் நோயாக இடம்பெற்றது. அப்படி ஒன்று வந்தால் மறைப்பது நிர்வாகத்துக்குத்தான் ஆபத்து என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுப் பையன் கை ஆறியபோது நாங்கள் இன்னொரு தவறு செய்தோம். வெடிப்பு மூடி, தோல் பார்க்க நன்றாக ஆன பத்தாம் நாளே பழைய மேசைக்கு அனுப்பினோம். ஒரே வாரத்தில் அதே இடுக்கு மறுபடி பிளந்தது. மேலே ஆறிவிட்டதாகத் தெரிந்தாலும் உள்ளே காப்பு அடுக்கு பழைய பலம் பெறப் பல வாரங்கள் ஆகும். இப்போது நாங்கள் கை ஆறிய பிறகும் இரண்டு மாதம் வேறு வேலைதான் கொடுக்கிறோம். திரும்பி வரும்போது முதல் வாரம் தினமும் பார்க்கிறோம்.

டிரம் மாறும் ஒவ்வொரு முறையும் கை நோட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டு, புது பேட்ச் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். அதே பெயர், அதே சப்ளையர் என்றாலும் சேர்மானம் மாறியிருக்கலாம். கோட்டுக்குக் கீழே எண்கள் ஏறினால், பூட்டி வைத்த பழைய குப்பியையும் புதுக் குப்பியையும் எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.